கால் வருது, பாட்டு மட்டும் ஏன் வரல?

ராஜபாளையத்துல ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்குறதுக்குள்ள நாலு பாட்டு கேட்டுடலாம். ஆனா பழைய கார் வாங்குன பலருக்கும் ஒரே சிக்கல்: ப்ளூடூத் கனெக்ட் ஆகுது, கால் பேச முடியுது, பாட்டு மட்டும் போன்லயே ஓடுது.

உடனே ஸ்டீரியோவை மாத்தக் கிளம்பாதீங்க. ப்ளூடூத்துல காலுக்கு ஹெச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபின்னு ரெண்டு தனித்தனி ப்ரொஃபைல். போன்ல ப்ளூடூத் செட்டிங்ஸ் போய், கார் பேருக்குள்ள 'மீடியா ஆடியோ' ஆன்ல இருக்கான்னு பாருங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சிடும்.

அந்த ஆப்ஷனே வரலையா? ஸ்டீரியோவுல ஏ2டிபி இல்லாம இருக்கலாம். ஆக்ஸ் இருந்தா சின்ன ப்ளூடூத் ரிசீவர் ஒண்ணு மாட்டுங்க. ஆக்ஸும் இல்லைன்னா, லைட்டர் சாக்கெட்ல சொருகுற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர். அதுல 100.5 மட்டும் வைக்காதீங்க. அது கொடைக்கானல் வானொலி. மலை உச்சியில இருந்து வர்ற அந்த சிக்னல் முன்னாடி உங்க குட்டி டிரான்ஸ்மிட்டர் நிக்காது. வெறும் இரைச்சல் கேட்கிற நம்பரா தேடி, ரெண்டுலயும் அதையே வைங்க.

இதெல்லாம் வண்டி நிக்கும்போது பண்ற வேலை. ரோட்டுல கண்ணு ரோட்டுலயே இருக்கட்டும்.