விழுங்க அஞ்சும் மாத்திரை

(சப்பிரகமுவத் தோட்டப் பகுதியொன்றில் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் சிறுதோட்டக் கமக்காரரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய பேச்சு)



நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் நாம் ஒரு மாத்திரை விழுங்குகின்றோம். எமக்கு எந்த நோயும் இல்லை. எச்.ஐ.வி. கிருமி எம் உடலில் குடிபுகாமல் தடுப்பதற்காகவே அதனை உட்கொள்கின்றோம். நாம் ஆடவரை விரும்பும் ஆடவர், தன்பாலீர்ப்பாளர். இச்சொல்லை ஓர் அவையில் வாய்திறந்து சொல்ல எமக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. சொல்லிவிட்டோம், இனி விடயத்துக்கு வருவோம்.

நோயில்லாதவன் மருந்துண்பதா என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் புன்னகை புரிகின்றார். ஐயா, மருந்தின் அருமை தெரியாத மண்ணன்று இது. 1934–35 இல் மலேரியாக் காய்ச்சல் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களை வாரிக்கொண்டு போனதே, அப்பொழுது மிகக் கொடிய அடி விழுந்த மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. இன்று இலங்கையில் மலேரியா இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அதற்குச் சான்று வழங்கியது. எனினும் ஆபிரிக்காவுக்குப் பயணம் போகின்றவருக்கு அரசாங்கமே தடுப்பு மாத்திரை கொடுத்தனுப்புகின்றது. அவரும் நோயற்றவர்தாம். அங்கே போய் என்ன செய்யப் போகின்றாய் என்று அவரைப் பார்த்து எவரும் முகஞ்சுளிப்பதில்லை.

எம் மாத்திரையைப் 'பிரெப்' என்பர். தெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் என்னும் இரண்டு மருந்துகள் அதில் அடங்கியுள்ளன. கிருமி உடலுக்குள் வந்தாலும் பெருகவொட்டாமல் தடுப்பது அவற்றின் வேலை. 2010 இல் ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. மாத்திரை கொடுக்கப்பட்ட குழுவில் தொற்று 44 வீதம் குறைந்திருந்தது. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். குருதியைச் சோதித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. மாத்திரையை வாங்கியவர் பலர். ஒழுங்காக விழுங்கியவர் சிலர். குருதியில் மருந்து காணப்பட்டவர்களுக்கோ ஆபத்து 90 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. போத்தலிலுள்ள மருந்து எவரையும் காப்பதில்லை. 2015 இல் உலக சுகாதார நிறுவனம், ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய அனைவருக்கும் இம்மருந்தைப் பரிந்துரைத்தது.

எமக்கு இது அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றது. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிப்படுத்தினர். சிறுநீரகத்தையும் ஈரல் அழற்சி பி உண்டா என்பதையும் பார்த்தனர். முதல் வாரம் சிறிது குமட்டல் இருந்தது, பிறகு ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை குருதிப் பரிசோதனை. கிரந்தி முதலிய ஏனைய நோய்களை இம்மாத்திரை தடுக்காது, ஆணுறையை விட்டுவிடாதீர் என்று வைத்தியர் கண்டித்துச் சொன்னார். அவர் எம்மை மனிதனாக நடத்தினார். அதை இங்கே சொல்லாமற் போனால் நன்றி கொன்றவராவோம்.

ஆனால் மாத்திரையை வாங்குவது வேறு, லயத்துக்குக் கொண்டுவந்து விழுங்குவது வேறு. நாம் இன்றும் தாயாருடன் லயன் காம்பராவிலே வாழ்கின்றோம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கசாயம் கொதிக்கும் வீடு அது. அங்கே ஒரு போத்தலை எங்கே ஒளிப்பது? நடந்தால் அது கிலுங்குகின்றது. அரிசித் தகரத்தில் வைத்தோம், தாயார் கண்டெடுத்தார். 'என்ன வருத்தமடா தம்பி?' என்று அவர் கேட்டபோது வயிற்றுக் கோளாறு என்று பொய் சொன்னோம். அன்று முதல் எமக்கு மிளகாய் குறைத்தே சமைத்தார். அந்த உறைப்பில்லாத குழம்பு எம்மைச் சுட்டதுபோல் எந்த ஏச்சும் சுட்டதில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் எமக்கொரு நண்பர். உடன் வாரும் என்று இருமுறை அழைத்தோம். கிளினிக் வார நாளில், அதுவும் பகலில். 2024 இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியும் போய், பஸ் காசும் போய், ஏன் பெரட்டுக்கு வரவில்லை என்ற கேள்விக்கு விடையும் தேடவேண்டும். அவர் வரவில்லை. பின்னர் வந்தபோது கிருமி அவருக்கு முந்திவிட்டது. இன்று அவரும் ஒவ்வோர் இரவும் ஒரு மாத்திரை விழுங்குகின்றார். அதிலும் தெனோஃபோவிர் உண்டு. அவர் நலமாகவே இருக்கின்றார். சிகிச்சையினால் குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் அவரிடமிருந்து பாலுறவு வழியாக எவருக்கும் தொற்றாது. இதனையும் நம்மவர் அறியவேண்டும்.

அவர் ஏன் அஞ்சினார்? கூலி மட்டுமா காரணம்? 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் எம்போன்றோரைக் குற்றவாளிகள் என்கின்றன. எழுதியவனுடைய இங்கிலாந்திலேயே 1967 இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. இந்திய உயர்நீதிமன்றம் 2018 இல் அங்குள்ள 377 ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. இங்கே 2023 இல் சட்டத்தைத் திருத்தும் தனிநபர் சட்டமூலமொன்று வந்தது. அரசியலமைப்புக்கு அது முரணன்று என்று நம் உயர் நீதிமன்றமும் கூறிற்று. 2024 செப்தெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. சட்டமூலமும் அதனோடு மாண்டது. ஒரு கையால் மருந்து கொடுத்து மறு கையால் விலங்கு காட்டும் அரசாங்கத்திடம் தொழிலாளி எந்தக் கையை நம்பிப் போவான்?

1948 இல் குடியுரிமையைப் பறித்து, இந்நாட்டில் நீ யார் என்று எம் பாட்டனைக் கேட்டது ஒரு சட்டம். இப்பொழுது பேரனை அதே கேள்வி கேட்கிறது இன்னொரு சட்டம். முன்னதை எதிர்த்த தலைவர்கள் பின்னதைப் பற்றி வாய்திறக்க வெட்கப்படுகின்றனர்.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. மாலையிலோ ஞாயிறிலோ ஒரு கிளினிக் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் எவருடைய மருந்தின் பெயரையும் வரிசைக்குக் கேட்கும்படி கூவக்கூடாது. அப்பிரிவுகள் இரண்டும் நீங்க வேண்டும். மலேரியா நாட்களில் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் கொண்டுசென்ற என்.எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தயா' என்றனர். 1936 இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்து வாசலில் நிற்பவரிடம் 365அ பற்றி உமது கருத்து என்ன என்று கேளுங்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

தாயாரிடம் சென்ற மாதம் உண்மையைச் சொன்னோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் மிளகாய் பழைய அளவுக்கு வந்திருந்தது. போத்தல் இப்பொழுது சாமிப்படத் தட்டில், அவருடைய பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கின்றது.