பயமும் பகடையும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் சீமையில் பிறந்தவர்களுக்குப் பேய்க்கதை புதிதன்று. இடைசெவல் கி. ராஜநாராயணன் போன்றோர் இச்சீமையின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டி நூலாக்கினர். அச்சில் கதை பிழைத்தது. சொன்னவரின் பார்வை அச்சேறவில்லை. என் பாட்டி முனிக்கதை சொல்லும்போது, அரிக்கேன் வெளிச்சத்தில் என் முகத்தையே பார்த்திருப்பாள். நான் அஞ்சினால் முனி ஓடைக்கு அப்பால் நின்றுவிடும். அஞ்சாவிட்டால் உடைமரத்தடிக்கே வந்துவிடும்.

மேலைநாட்டாரும் இவ்வித்தையை ஓர் ஆட்டமாக்கியிருக்கின்றனர். 1981இல் அமெரிக்காவில் சாண்டி பீட்டர்சன் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற ஆட்டத்தை அமைத்தார். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்வர்; ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர் பாத்திரங்களாகிப் பேசுவர்; ஐயம் நேரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். பாத்திரத்தின் சித்தத் தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. கோரத்தைக் காணக் காண அது குறையும். 2018இல் இது கணினி விளையாட்டாகவும் வந்தது.

எண்ணைக் கணக்கிடுதல் கணினிக்கு எளிது. ஆயின் மேசைத் தலைவர் அந்தக் கணத்தில் புனைவதையெல்லாம் கணினிக்கு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எதிரே இருப்பவன் நடுங்குகிறானா, கொட்டாவி விடுகிறானா என்பதை அது அறியாது.

எனினும் இயந்திரத்தைப் பழிப்பது நியாயமன்று. 1991இல் தோன்றிய 'வேம்பயர்: த மாஸ்க்வரேட்' என்னும் மேசையாட்டத்தைத் தழுவி, 2004இல் 'பிளட்லைன்ஸ்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. அதில் ஒரு பாழ்விடுதி வருகிறது. விளக்குகள் வெடிக்கும், சாமான்கள் பறக்கும்; எதிர்த்து வெட்டவோ அங்கே ஒருவருமில்லை. பேயைக் கிட்டே காட்டாமல் அச்சுறுத்தும் என் பாட்டியின் சிக்கனத்தை அங்கே கண்டேன்.

அவ்விளையாட்டை எனக்குக் காட்டியவன் என் பேரன். பதிலுக்கு நான் முனிக்கதையைத் தொடங்கினேன். "தாத்தா, முனி கடைசியில் என்ன ஆயிற்று?" என்றான். திகைத்தேன். நான் ஒவ்வொரு முறையும் அஞ்சியதால், பாட்டி ஒருநாளும் கதையை முடித்ததில்லை. அவளைக் கேட்கவும் இனி வழியில்லை.

பேரன் காத்திருந்தான். கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, முனியை ஓடைக்கு இப்பால் ஓரடி எடுத்து வைக்கச் சொன்னேன்.