நாய்க்குட்டியின் வாய் நாற்றம்

ஒரு வீட்டிற்கு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் முதற் சில வாரமும் அதற்கு இராச யோகந்தான். பிள்ளைகளின் மடியே அதன் படுக்கை. நான்காம் மாதமளவில், முகத்தை நக்க ஓடிவரும் அக்குட்டியின் வாயிலிருந்து ஒரு கெட்ட வாடை வீசத் தொடங்கும். "இதை உள்ளே விடாதே" என்பாள் தாய். விறாந்தையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து படலைக்கு வெளியேயும் தள்ளப்பட்ட குட்டி, ஒருநாள் சாக்கிலே கட்டப்பட்டுச் சந்தையடியில் விடப்படும். அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே நீங்கிவிடக்கூடியது என்பதை அவ்வீட்டார் அறிந்திருந்தால், அதற்கு அக்கதி நேர்ந்திராது.

நாய்க்குட்டி பல்லில்லாமற் பிறக்கின்றது. மூன்று வாரமளவில் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் 28. ஏறக்குறைய நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்க, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து நிறைகின்றன. மனிதப் பிள்ளைக்கு ஆறேழு வருடம் எடுக்கும் காரியத்தை நாய்க்குட்டி மூன்று மாதத்தில் முடித்துவிடுகின்றது! அக்காலத்தில் முரசு சிவந்து வீங்கும். சிறிது இரத்தமும் கசியும். அந்த இரத்தமும், பல்லிடுக்கிற் சிக்கிய உணவும், வாயிலுள்ள கிருமிகளாற் சிதைந்து நாற்றத்தைத் தருகின்றன. செருப்பையும் கதிரைக் காலையும் அது கடிப்பது குறும்பினால் மாத்திரமன்று. முரசின் நமைச்சலே அதற்குப் பெருங் காரணம். குளிர்ந்த நீரில் நனைத்து முறுக்கிய தடித்த துணியைக் கடிக்கக் கொடுத்தால் அதற்குச் சுகமாயிருக்கும், செருப்பும் தப்பும். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை.

சில குட்டிகளுக்குப் பாற்பல் விழாமலே அதன் பக்கத்திற் புதுப்பல் முளைத்துவிடும். கோரைப் பல்லிலேயே இது அதிகம். ஒரு பல் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு நின்றால் இடையில் உணவு தங்கி அழுகும், புதுப்பல்லும் கோணிப்போகும். இதனைக் குறட்டாற் பிடுங்க முயலாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பாற்பல்லின் வேர் நீண்டது. முறிந்து உள்ளே தங்கினால் சீழ் வைக்கும்.

மற்றொரு காரணம் சொல்லக் கூசுவது. குட்டிகள் மலத்தைத் தின்பதுண்டு. அதற்காக அடித்து, மூக்கை அதிலே தேய்ப்போரும் உளர். அதனாற் குட்டி கற்பது எசமானுக்கு அஞ்சுவதை மட்டுமே. வளவை உடனுக்குடன் துப்புரவாக்குவதே மருந்து. பூச்சி மருந்தையும் மறத்தலாகாது. வட்டப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியைச் சேர்கின்றது. கொளுக்கிப்புழு பாலின் வழியே வருகின்றது. ஆகவே, இரண்டாம் வாரத்திலேயே மருந்து தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மாதம் வரையிலாவது கொடுப்பர். வட்டப்புழுவின் முட்டை மண்ணிலிருந்து பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குட் செல்லக்கூடியதாதலின், இது குட்டிக்கு மாத்திரம் உரிய வைத்தியமன்று.

நாய்க்குச் சூத்தைப் பல் அரிது. முரசு நோயோ மிகுதி. ஆதலால் இளமையிலேயே பல் துலக்கப் பழக்குதல் நன்று. விரலிற் சுற்றிய ஈரத்துணியால், பல்லின் வெளிப்புறத்தை மெல்லத் தேய்த்தாற் போதும். மனிதரின் பற்பசை ஆகாது. குட்டி அதைத் துப்ப அறியாது, விழுங்கிவிடும். சில பசைகளிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பு நாய்க்குக் கொடிய நஞ்சு. உப்பும் உமிக்கரியும் வேண்டாம். சமைத்த கோழியெலும்பு பல்லைத் துலக்கும் என்று நம்புவோர், அது சிம்பு சிம்பாய் உடைந்து தொண்டையிற் குத்துவதை அறியார்.

நாற்றத்தோடு வாந்தியும் இரத்தங் கலந்த கழிச்சலும் கண்டால் பார்வோ வைரசு நோயாயிருக்கலாம். அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மூச்சில் மூத்திர வாடை வீசினால் சிறுநீரகத்தை ஐயுறுவர். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் நாயின் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது.

இனி, நேயர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. குட்டியின் வாய் மூடாமல் தொங்குகின்றது, எச்சில் வடிகின்றது, தண்ணீரையும் விழுங்க முடியவில்லை. எலும்பு சிக்கிவிட்டதென்றெண்ணி இரக்கமுள்ள ஒருவர் வாய்க்குள் விரலை விடுவார். உண்மையில் எலும்பு சிக்கியிருக்கவும் கூடும். ஆனால் விசர் நோயின் ஒருவகையும் இதே தோற்றத்தைத் தரும். அந்நோய்க் கிருமி எச்சிலில் உள்ளது. விரலிலுள்ள சிறு கீறலே அதற்கு வாசல். குட்டிதானே என்ற எண்ணம் இங்கே ஆகாது. அதனைத் தொடாமல் ஓரறையில் அடைத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கை முன்னரே பட்டுவிட்டதாயின், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆசுபத்திரிக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் முறைப்படி தடுப்பூசி ஏற்றினாலோ உயிரைக் காக்கலாம். 1885 இல் பாசுச்சர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு அவ்வகை ஊசியை ஏற்றுவித்தார், அவன் பிழைத்தான். பிள்ளைகள், ஏச்சுக்குப் பயந்து குட்டி கீறியதை மறைப்பது வழக்கம். ஏசமாட்டோம் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.