கதவு போனால் என்ன போகும்?



நம் மாணவர் எழுதும் கதைகளில் சிக்கல் எழுந்த மறுவரியிலேயே தீர்ந்துவிடுகிறது. நம் கரிசல் மண்ணின் இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையைப் பாருங்கள். தீர்வை பாக்கிக்காக ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிச் செல்கிறார்கள். முதலில் பிள்ளைகளின் விளையாட்டு போகிறது. பிறகு குளிர்காற்றுக்கு இருந்த தடுப்பு போகிறது. கடைசியில் கைக்குழந்தையின் உயிரே போகிறது. போனது ஒரு கதவுதான். இழப்போ படிப்படியாக ஏறுகிறது.

பேனா தொலைந்ததாக ஒரு மாணவி கதை எழுதினால், "அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கப்புறம்?" என்று மூன்று முறை கேளுங்கள். விடையை நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது பதிலில் அவள் வீட்டுக் கவலையே வெளிவரலாம். அப்போது சிவப்புப் பேனாவை மூடிவிட்டுக் காது கொடுங்கள்.