பக்கத்திலே ஒரு தலைநகரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் 1989-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"எதைப் பத்திப்பா பேசப் போறே?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "சுற்றுலா" என்றேன். "சிங்கப்பூரா, துபாயா?" என்றார். "காஞ்சிபுரம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அங்கேதான் மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றோமே!" என்றார்.

அவர் சொன்னதிலேயே என் பேச்சின் சாரம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போகிறோம். முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறோம். காமாட்சியையும் வரதரையும் சேவிக்கப் போகிறோம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பழைய தலைநகரத்தைப் பார்க்க வேண்டும் என்றே கிளம்பி நம்மில் எத்தனை பேர் போயிருப்போம்? டெல்லிக்குப் போனால் செங்கோட்டை, குதுப்மினார் என்று பட்டியல் போட்டுப் பார்க்கிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தலைநகரத்தில் புடவைக்கடை வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

நம் கல்லூரிக்காரர்களில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரம்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியும் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான், 2012-ல் டைம்லர் லாரி. இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன். கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் என்று வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களை எங்கே கூட்டிப்போகிறோம்? மாமல்லபுரம். அது துறைமுகம் ஐயா! அந்தத் துறைமுகம் எந்த ஊர் ராஜாவுக்குச் சொந்தமோ, அந்த ஊர் நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலைக்குத் தர ஆய்வுக்கு வந்த ஒரு ஜப்பானியரை நான் காஞ்சிக்குக் கூட்டிப்போனேன். இறங்கினவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "தலைநகரம் என்றீர்களே, அரண்மனை எங்கே?" நியாயமான கேள்வி. பல்லவர்மேடு என்று ஊருக்குள் ஒரு பகுதி பெயரோடு இருக்கிறது. அரண்மனையோ கோட்டையோ பார்க்கக் கிடைக்காது. ராஜா தனக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டான் போலும், சாமிக்குக் கல்லில் கட்டினான். அதனால் காஞ்சியில் தலைநகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குள்ளேதான் தேட வேண்டும். கும்பிட்டு முடித்தபிறகு சுவரையும் தூணையும் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த ஊருக்கு வழிகாட்டிப் புத்தகம் இல்லையே என்று சொல்ல முடியாது. சங்க காலத்திலேயே ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடி. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போய்ப் பரிசு வாங்கின பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் யார் யார் இருப்பார்கள், யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. சுங்குவார்சத்திரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவிலே தென்னேரி என்று பெரிய ஏரி இருக்கிறதே, அது 'திரையன் ஏரி'யாக இருந்து மருவியது என்பார்கள். கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அந்தப் பக்கம் போகிற தம்பிகள் ஒருநாள் விழித்திருந்து பாருங்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகளும் காஞ்சிக்குப் புதிதல்ல. ஏறத்தாழ கி.பி. 640-ல் சீனத்திலிருந்து யுவான் சுவாங் வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்று எழுதி வைத்தார். சமணமும் அங்கே செழித்தது. திருப்பருத்திக்குன்றத்தில் கூரை ஓவியங்களோடு ஜைனர் கோயில் இன்றும் இருக்கிறது.

கல்லூரி மலரில் வரப்போகிற பேச்சு என்பதால் ஒரு முன்னாள் மாணவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காஞ்சியில் கடிகை என்ற உயர்கல்வி நிலையம் இருந்தது. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற மாணவர் கர்நாடகப் பக்கத்திலிருந்து அங்கே படிக்க வந்தார். பல்லவக் குதிரை வீரனோடு சண்டை. படிப்பை விட்டார், வாளை எடுத்தார், கடம்ப அரசையே நிறுவிவிட்டார். தாளகுந்தா கல்வெட்டு இதைச் சொல்கிறது. டிஸ்கன்டின்யூ செய்து முன்னேறியவர்களில் அவர்தான் நமக்கு மூத்த சீனியர்! (சிரிப்பு) தம்பிகள் இதை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் கட்டியது. அடியில் கருங்கல், மேலே மணற்கல். சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 சிறு கோயில்கள். சிலவற்றுக்குள் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. இவ்வளவும் அழகு. ஆனால் நான் உங்களை நிறுத்திக் காட்ட நினைப்பது மண்டபத் தூணில் உள்ள ஒரு கன்னடக் கல்வெட்டை.

தமிழ்நாட்டுத் தலைநகரத்தில் கன்னடக் கல்வெட்டு எப்படி வந்தது? கி.பி. 642-ல் பல்லவர் படை சாளுக்கியத் தலைநகரான வாதாபிக்குள் புகுந்து அதைப் பிடித்தது. அந்தக் கதை நமக்குத் தெரியும், பெருமையாகப் பேசுகிறோம். சுமார் நூறு வருஷம் கழித்துச் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? அவனோ இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்லில் எழுதிவைத்தான். அவன் ராணி லோகமகாதேவி ஊருக்குப் போய்ப் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். அதில் காஞ்சிக் கைலாசநாதரின் சாயல் இருக்கிறது என்று கலை வரலாறு எழுதுகிறவர்கள் காட்டுகிறார்கள். 1987-ல் யுனெஸ்கோ பட்டடக்கல்லை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. எதிரி தொடாமல் விட்ட அந்தக் கோயிலின் சுவரில் நம் பிள்ளைகள் சாவியால் பெயரைக் கீறிவிட்டு வருகிறார்கள். மணற்கல் மழைக்கும் காற்றுக்குமே கரைகிற கல். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது வைகுண்டப் பெருமாள் கோயில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. திருச்சுற்றுச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசு இல்லாமல் அரசன் இறந்துபோகிறான். அமைச்சர்களும் கடிகையாரும் நகரத்தாரும் பல்லவக் கிளைக் குடும்பத்து இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைக் கேட்கிறார்கள். மூத்த பிள்ளைகள் மூவரும் மாட்டேன் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி "நான் வர்றேன்" என்கிறான். அவன்தான் நந்திவர்மன். என்னோடு வந்த அப்ரண்டிஸ் பையன் ஒருவன் சொன்னான்: "சார், நம்ம லைன்ல ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் படம் போட்டு மாட்டியிருக்கோமே, அதே மாதிரி இருக்கு சார்." என் விளக்கத்தைவிட அவன் சொன்னது நன்றாக இருந்தது.

அந்தப் பையன் பிள்ளையார்பாளையத்துக்காரன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. மதியம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நண்பர்களே, நான் பேச வந்த விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நிற ஊடையும் கலக்காமல், அந்த இடத்தில் பல்லும் பல்லும் கோத்ததுபோல் பூட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கக் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க இன்னொருவர். முந்தி வேறு நிறமானால் அதன் பாவு நூலை உடல் பாவோடு இழை இழையாக முறுக்கி இணைக்க வேண்டும். டாலரன்ஸ், ஃபிட் என்று நாம் படித்ததையெல்லாம் அந்தக் குழித்தறியில் விரல் நுனியால் செய்கிறார்கள்.

முன்பெல்லாம் அந்த இரண்டாவது ஆள் வீட்டுச் சின்னப் பிள்ளைதான். இன்று அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. நல்ல மாற்றம், அது ஒருக்காலும் திரும்பக் கூடாது. ஆனால் அந்த இடத்தில் கூலி கொடுத்து ஒரு பெரிய ஆளை உட்கார வைத்தால் நெசவாளிக்குக் கட்டுபடியாவதில்லை. விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் பாதி விலைக்குப் போகிறது. பிள்ளை என்ன செய்வான்? விடியற்காலையில் காஞ்சியிலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வரிசையாக வருகிறதே கம்பெனி பஸ், அதில் ஏறிவிடுகிறான். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவனுக்கு வேலை போட்டுக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தன். அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார்: "பையன் நல்லா இருக்கான், அது போதுங்க. தறிக்கு மட்டும்தான் எனக்கப்புறம் ஆளில்லே." வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அரண்மனை போய்விட்டது, மடங்கள் போய்விட்டன, கடிகை போய்விட்டது. தலைநகரத்தில் இன்னும் மூச்சுவிடுகிற வேலை அந்தத் தறி ஒன்றுதான். அதற்கு அடுத்த ஆள் இல்லாமல் போனால் அதில் நம் தொழிற்சாலைகளுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த மேடையில் சொல்கிறேன்.

என்ன செய்யலாம்? மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று, தம்பிகளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்குக் கைலாசநாதர் கோயிலில் இருங்கள், இளவெயிலில் மணற்கல்லின் நிறமே வேறு. அப்புறம் மிளகு, சீரகம், சுக்கு போட்டுக் குடலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லி. நடை சாத்துவதற்குள் வைகுண்டப் பெருமாள். மதியம் கோயில்கள் சாத்தியிருக்கும், அது தறியைப் பார்க்கிற நேரம். முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள், அது அவர்கள் குடியிருக்கிற வீடு. சாயங்காலம் ஏகாம்பரநாதர், 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம். இன்னொரு நாள் கிடைத்தால் உத்திரமேரூர், குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள்.

இரண்டு, கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு. நம் லைனில் ஒடிசாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் தென் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளும் ஹாஸ்டலுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவிலேயே வருஷத்தைக் கழிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள், ஒரு பஸ், ஒரு வேளைச் சாப்பாடு. அதிலே நம் கம்பெனி ஒன்றும் மூழ்கிவிடாது.

மூன்று, பட்டு வாங்கப் போகிற எல்லோருக்கும். சில்க் மார்க் பட்டுக்குத்தான் சாட்சி, கைத்தறிக்கு அல்ல. கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். "கோர்வையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் நெய்பவர் இருப்பார்.

அடுத்த ஆண்டுச் சந்திப்புக்கு முதல்நாள், நம் சங்கம் ஐம்பது மாணவர்களைக் காஞ்சிக்கு அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பஸ் செலவு 1989 பேட்ச்சுடையது. பேட்ச் நண்பர்களிடம் இன்னும் சொல்லவில்லை, இப்போதுதான் அவர்களுக்கும் தெரியும்! (கைதட்டல்)