மின்சாரக் காரின் நியூட்ரலும் தரிப்புப் பிரேக்கும்



வாகனத்தைக் கிளப்புவதற்கு முன்பு கியர்த் தடியை இடமும் வலமும் அசைத்து, அது நியூட்ரலில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்வது பழைய சாரதிகளின் கைப்பழக்கம். நீண்ட இறக்கம் வந்தால் அதே நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, "பெற்றோல் மிச்சம்" என்று மகிழ்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை. இப்பழக்கங்களோடு வளர்ந்த நமது நாட்டிற்கு, 2010ஆம் ஆண்டு டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் என்னும் மின்சாரக் கார், சில ஆண்டுகளுக்குள்ளாகவே பாவித்த நிலையில் ஏராளமாக வந்து இறங்கிற்று. 2020இல் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபின் வேறு பல மின்சாரக் கார்களும் வீதிக்கு வந்துள்ளன. ஆனால் சாரதிகளிற் பெரும்பாலோர் பழைய கையோடுதான் புதிய காரில் ஏறுகின்றனர். நியூட்ரல், பார்க் என்னும் பழைய பெயர்களே அங்கும் எழுதப்பட்டிருப்பதனால், பழைய பொருளே அவற்றுக்கும் இருக்கும் என்று நம்பிவிடுகின்றனர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இதைப் பற்றித்தான்.

பெற்றோல் எஞ்சின் நின்ற இடத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் நின்றுவிடாதிருக்க, எஞ்சினையும் சில்லுகளையும் பிரித்து வைப்பதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதுவே நியூட்ரல். அங்கே பற்சில்லுகள் உண்மையாகவே தொடர்பற்றுச் சுழல்கின்றன.

மின்சாரக் காரின் நிலை வேறு. மோட்டார் வேண்டியபோது சுழலும், வேண்டாதபோது சும்மா நிற்கும். லீஃப் போன்ற கார்களிற் கிளச்சும் இல்லை, மாற்றுவதற்குப் பல கியர்களும் இல்லை. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கும் ஒரே பற்சில்லுத் தொகுதி எப்பொழுதும் பூட்டியபடியே இருக்கிறது. அப்படியானால் நியூட்ரல் என்று அங்கே எழுதியிருப்பது எதை? அது மோட்டாருக்கு அனுப்பப்படும் ஒரு கட்டளை மாத்திரமே: "நீ தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்" என்பது அதன் கருத்து. கார் உருளும்போது மோட்டாரும் கூடவே உருண்டுகொண்டுதான் இருக்கும்.

"இழுக்கவும் வேண்டாம்" என்ற பாதியிலேதான் ஆபத்து இருக்கிறது. இறக்கத்திலே அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன், மின்சாரக் காரின் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறுகின்றது. சில்லுகள் அதைச் சுழற்ற, அது மின்சாரத்தை ஆக்கிப் பற்றரிக்கு அனுப்புகின்றது. அந்த வேலைக்கு எதிராகச் சில்லுகள் உழைக்க வேண்டியிருப்பதால் காரின் வேகமும் அடங்குகின்றது. நியூட்ரலுக்கு மாற்றினால் இந்த இரண்டு நன்மைகளும் ஒரேயடியாக நின்றுபோகும்.

இதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர் ஆயிரம் மீற்றருக்கு மேலாகக் கீழே வருகின்றார். 1,500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் ஆயிரம் மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ 4 கிலோவாற்று மணித்தியாலம். முதலில் வந்த லீஃபின் பற்றரி புதிதாக இருந்தபோது கொண்ட மொத்தக் கொள்ளளவே 24 கிலோவாற்று மணித்தியாலந்தான். விடுபடும் சக்தியில் ஒரு பகுதியைக் காற்றும் ரயர்களும் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதிற் பெரும்பங்கை மோட்டார் பற்றரிக்கு மீட்டுத் தரும். நியூட்ரலில் இறங்குபவரோ அந்த எஞ்சிய சக்தி முழுவதையும் பிரேக்குகளின் தலையிலே சுமத்துகின்றார். 4 கிலோவாற்று மணித்தியாலம் என்பது ஐம்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். அதிற் பாதியே பிரேக்குகளுக்குப் போனாலும் அவை எப்படிச் சுடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மிகச் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். பிரேக் திரவம் பழையதாய் ஈரம் ஊறியிருந்தால் கொதித்துக் குமிழி கட்டும். அதன்பின் மிதித்தால் மிதி தளர்ந்து கீழே போகும். மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் காரியம் மின்சாரக் காரிலே நட்டம். மலைநாட்டு வீதியில் அது உயிருக்கே நட்டமாக முடியலாம்.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்ல வேண்டும். மலையுச்சியில் இரவு தங்கிப் பற்றரியை நிரம்ப ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவோர் உண்டு. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் கொள்ளாதது போல, நிரம்பிய பற்றரியும் மேலும் மின்சாரத்தை ஏற்காது. ஆகவே முதற் சில கிலோமீற்றருக்கு மோட்டாரின் தடுப்பு மிகக் குறைவாகவே இருக்கும். நேற்று ஏறி வரும்போது இருந்த பிடிப்பை எதிர்பார்த்து வளைவுக்குள் நுழைபவர் திடுக்கிட நேரும். இறங்கப் போகிறவர் எண்பது விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்வது நல்லது. சில கார்களில் மோட்டாரின் தடுப்பைக் கூட்டுவதற்கு ஆங்கில எழுத்து 'பி'யினாற் குறித்த ஒரு நிலையும் இருக்கிறது. பார்க் என்பதற்கும் தமிழ் ஒலியில் அதே 'பி' வருவதனால், வானொலியிற் கேட்பவர் மயங்காதிருக்கவே நான் பார்க் என்று முழுச் சொல்லையும் சொல்லி வருகின்றேன்.

அவ்வாறாயின் நியூட்ரல் எதற்கு? வீதிச் சமிக்ஞை விளக்கின் முன் நிற்பதற்கு அது தேவையில்லை. ஓடு நிலையிலேயே வைத்துப் பிரேக்கை மிதித்து நின்றால், எரிந்து வீணாவதற்கு அங்கே எண்ணெய் இல்லை. காரை நாலு அடி கையால் தள்ள வேண்டியபோது அது உதவும். இயந்திரங்கொண்டு கார் கழுவும் இடங்களில் உதவும். இவை இரண்டையும்விடப் பெரிதான பயன் ஒன்று உண்டு. அக்சிலரேற்றர் மிதி விரிப்பிலே சிக்கி, கார் கட்டுமீறிப் பாயுமாயின், நியூட்ரலுக்கு மாற்றியவுடன் மோட்டார் தள்ளுவதை விட்டுவிடும். காற்பிரேக் வழமைபோல வேலை செய்யும். லீஃபின் குமிழைத் தட்டினால் மட்டும் போதாது. நியூட்ரல் பக்கமாக நகர்த்தி ஒரு வினாடிக்குமேற் பிடித்திருக்க வேண்டும். இதை வெறும் வளவொன்றில் ஒருமுறை செய்து பழகி வைத்திருப்பவருக்கே அவசரத்திற் கை தானாகப் போகும்.

இனித் தரிப்புப் பிரேக்கிற்கு வருவோம். றம்பொடை அருவியைப் பார்ப்பதற்காக ஒரு குடும்பம் வீதியோரத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரதி பார்க் ஆளியை அழுத்துகின்றார், கதவைத் திறக்கின்றார். தரிப்புப் பிரேக்கை அவர் நினைப்பதேயில்லை. பிள்ளைகள் காரின் முன்னால் நின்று படம் எடுக்கின்றனர். இப்பொழுது அந்தக் காரைப் பிடித்து வைத்திருப்பது எது?

லீஃப் போன்ற கார்களில் அது ஓர் இரும்பு நாக்கு. பார்க் ஆளியை அழுத்தியதும் அந்த நாக்கு ஒரு பற்சில்லின் இரு பற்களுக்கிடையில் விழுந்து அதைப் பூட்டுகிறது. நாக்கு சில்லுகளைப் பிடிப்பதில்லை. அச்சுக்கு அப்பாலுள்ள பற்சில்லைத்தான் பிடிக்கிறது. சரிவிலே காரின் பாரம் முழுவதும் அந்தச் சிறிய நாக்கிலே சாய்ந்து நிற்கும். மறுபடி புறப்படும்போது "டொக்" என்று ஓர் ஓசையும் குலுக்கமும் கேட்பது அதனாலேதான். டெஸ்லா போன்ற சில கார்களில் இந்த நாக்கே கிடையாது. பார்க் என்றால் பின்சில்லுப் பிரேக்கை மின்சாரம் இறுக்கிவிடும். ஆகையால் தம் காரில் எது இருக்கிறது என்பதைக் கைநூலைப் பார்த்து அறிந்துகொள்வது உரிமையாளர் கடன்.

நாக்கு உள்ள காரைச் சரிவில் நிறுத்தும்போது முறை இதுதான். காற்பிரேக்கை மிதித்தபடியே முதலில் தரிப்புப் பிரேக்கைப் போடுங்கள். பிறகு காற்பிரேக்கை மெல்லத் தளர்த்தி, காரின் பாரம் தரிப்புப் பிரேக்கில் வந்து அமர விடுங்கள். அதன் பின்னரே பார்க். லீஃபின் சில வருடத்துக் கார்களில் இப்பிரேக் மின் ஆளியாகவும், வேறு வருடத்துக் கார்களில் இடது காலால் அழுத்தும் மிதியாகவும் அமைந்துள்ளது. பாவித்த கார் வாங்கியவர் எது தமது என்று பார்த்துக்கொள்ளட்டும். இறக்கம் நோக்கி நிற்கும் காரின் முன்சில்லுகளை இடப்புறம், வீதியோரத்தை நோக்கித் திருப்பி வைத்தால், தப்பித்தவறி உருண்டாலும் கார் ஓரத்திலே முட்டி நிற்கும், நடுவீதிக்குப் போகாது.

ரயர் மாற்றுவோரும் இதைக் கேட்க வேண்டும். லீஃபிற் பார்க் நாக்கு பூட்டுவது முன்சில்லுகளின் இயக்கத்தை. அவ்விரு சில்லுகளுக்குமிடையே, வளைவுகளில் ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுழல இடமளிக்கும் ஓர் அமைப்பு உண்டு. ஒரு முன்சில்லை ஜாக் வைத்து உயர்த்திவிட்டால், உயர்ந்த சில்லு ஒருபுறம் சுழல, நிலத்திலுள்ள சில்லு மறுபுறம் சுழன்று கார் நகர்ந்துவிடக்கூடும். பின்சில்லுகளைத் தரிப்புப் பிரேக் பிடித்திருந்தால் அது நேராது. அதனோடு ஒரு கல்லையும் அடையாகக் கொடுத்தால் நிம்மதி.

"எங்கள் ஊரிலே மேடேது, பள்ளமேது" என்று யாழ்ப்பாணத்து நேயர்கள் நினைக்கலாம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே பாதையில் ஏற்றிய கார், அலை அசைக்கும்போது சமதரையில் நிற்பதில்லை. அன்றியும், மாதக்கணக்காக இழுக்கப்படாத பிரேக் கம்பி உப்புக்காற்றிலே துருவேறி இறுகிப்போகும். தேவையான அன்று அது பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது.

காரை விட்டு இறங்குமுன் தட்டிலுள்ள 'றெடி' விளக்கு அணைந்ததா என்று பார்ப்பதையும் மறக்கலாகாது. எஞ்சின் ஓசை இல்லாத கார் உயிரோடு இருப்பதை நம் காது சொல்லாது. ஓசையில்லை என்று பிள்ளையை உள்ளே விட்டுக் கடைக்குப் போவது, எஞ்சின் ஓடும் காரிற் பிள்ளையை விட்டுப் போவதற்கு ஒப்பானது.

கடைசியாக, வழியில் நின்றுபோன காரைப் பற்றி ஒரு சொல். பெரிய பற்றரியில் மின்சாரம் இருந்தும், கதவையும் விளக்கையும் இயக்கும் சிறிய 12 வோற்றுப் பற்றரி செத்துவிட்டால், பார்க் நாக்கு விலகாது. மின்விசைத் தரிப்புப் பிரேக்கும் தளராது. அப்போது நாலு பேர் சேர்ந்து தள்ளிப் பயனில்லை. வெளியிலிருந்து 12 வோற்று மின்சாரம் கொடுக்க வேண்டும். நியூட்ரலுக்கு மாற்ற முடிந்தாலும், கயிறு கட்டி மைல் கணக்காக இழுத்துச் செல்ல விடாதீர்கள். முன்பே கூறியதுபோல மோட்டார் சில்லோடு பூட்டியபடியே சுழன்று, கேட்பாரின்றி மின்சாரத்தை ஆக்கி, தன்னையும் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கெடுத்துக்கொள்ளக்கூடும். லீஃபானால் முன்சில்லுகள் இரண்டும் நிலத்தைத் தொடாதபடி உயர்த்தியோ, தட்டையான லொறியில் நான்கு சில்லுகளையும் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். உதவிக்கு வருபவரைத் தொலைபேசியில் அழைக்கும்போதே, இது மின்சாரக் கார் என்பதைச் சொல்லிவிடுங்கள்.