நம்பப்படாத வலியோடு மறைந்தவர்கள்



நவம்பர் மாதம் இறந்த விசுவாசிகளுக்காக நாம் சிறப்பாகச் செபிக்கும் மாதம். கல்லறைத் திருநாளன்று நம் வீட்டாரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றினோம். அவர்கள் பெயர்களைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். இன்று நாம் முகம் அறியாத சிலரை நினைவுகூர்வோம். லைம் நோயோடு வாழ்ந்து மறைந்தவர்கள் அவர்கள்.

இந்த நோயின் பெயரையே நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் காட்டோரங்களில் வாழும் உண்ணியின் கடியால் இது பரவுகிறது. அந்த உண்ணியின் குஞ்சு கசகசா அளவே இருக்கும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணிக்கிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். சிலருக்கோ சிகிச்சைக்குப் பிறகும் கடும் சோர்வும் மூட்டு வலியும் நினைவுத் தடுமாற்றமும் தொடர்கின்றன. வெளியே காயமில்லை, கட்டுமில்லை. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று பிறர் சொல்லும்போது, வலியை விட அந்தச் சொல்லே அதிகம் வலிக்கிறது.

கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்னும் ஊர்ப்பகுதியில் வாழ்ந்த பாலி மர்ரே என்ற தாய்க்கு இது நன்றாகத் தெரியும். அவரும் கணவரும் பிள்ளைகளும் மாறி மாறி நோயுற்றார்கள். மருத்துவர் பலரிடம் சென்றார்; எல்லாம் மனப்பிரமை என்பதுபோல் பேசியவர்களும் உண்டு. அவர் சோர்ந்துவிடவில்லை. யாருக்கு என்ன வலி, எப்போது வந்தது என்று எழுதி வைத்தார். 1975-இல் மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அதன் பிறகே மருத்துவர் ஆலன் ஸ்டீர் வந்து, அந்த அம்மா சொன்னதைக் கேட்டு, ஆய்வைத் தொடங்கினார். ஊரின் பெயரே நோயின் பெயரானது. பாலி மர்ரே 2019-இல் இறந்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகளால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

மாற்கு நற்செய்தியில் வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். 12 ஆண்டுகள் இரத்தப்போக்கு. மருத்துவர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் நோய் முற்றியதே தவிரக் குறையவில்லை. அவர் தொட்ட உடனேயே குணமாகிவிட்டார். இயேசு நடையைத் தொடர்ந்திருக்கலாம். யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், கூட்டம் நெருக்குகிறது. ஆனாலும் இயேசு நின்றார். அந்தப் பெண் நடந்தது முழுவதையும் சொல்லும்வரை கேட்டார். பிறகு 'மகளே' என்று அழைத்தார். உடல் முதலில் குணமானது. கேட்கப்பட்டதால் உள்ளமும் குணமானது.

இப்படிக் கேட்பாரின்றிப் போனவர்களும் உண்டு. 2012, 2013 ஆண்டுகளில் அமெரிக்காவில் மூவர் திடீரென இறந்தார்கள். லைம் நோய் அவர்கள் இதயத்தைத் தாக்கியிருந்தது. ஒருவருக்கு அந்த நோய் இருந்தது, தானமாக வழங்கப்பட்ட அவரது உடல் திசுவைச் சோதித்தபோதுதான் தெரியவந்தது. அவரது தானமே மற்ற மருத்துவர்களுக்கு எச்சரிக்கையானது.

டென்மார்க்கில் ஏறக்குறைய 70 லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனையில் லைம் நோய் கண்டறியப்பட்டவர்களிடையே தற்கொலை முயற்சி மற்றவர்களைவிட இருமடங்கு என்கிறது. பெரும்பாலோர் அந்நிலைக்குச் செல்வதில்லை; சென்றவர்களை நாம் தீர்ப்பிட வேண்டாம். அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது. நாமும் செபிப்போம்.

அன்பார்ந்தவர்களே, இறந்தோரை நினைவுகூர்வது மெழுகுதிரியோடு முடிவதில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, 'உன் பாவம்தான் காரணம்' என்று பேசத் தொடங்கியதும் அவருக்குச் சுமையானார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் வலிக்கிறது என்று சொல்பவர் நம் வீட்டிலும் இருக்கலாம். மருமகளாக இருக்கலாம், வயதான தந்தையாக இருக்கலாம். 'சோம்பல்', 'நடிப்பு' என்று சொல்லுமுன் ஒருமுறை அருகில் அமர்வோம். முழுவதையும் கேட்போம். மீண்டும் மருத்துவரிடம் போகத் துணை செல்வோம். வாழ்ந்து பயனில்லை என்று அவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுவோம்.

இறைவா, தம் வலியை யாரும் நம்பாத நிலையில் உம்மிடம் வந்தவர்களை நீர் அறிவீர். அவர்கள் சொல்லி முடிக்காததை உம் திருமுன் சொல்லி இளைப்பாறச் செய்தருளும். நோயுற்றோரை நம்பும் இதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.